கூட்டம் வழிகாட்டி ஆகாது

லண்டன் மாநகர எல்லைக்குள் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம், புரோம்லிப் பகுதியின் தென்கோடியில் இருக்கும் வெஸ்டர்ஹாம் ஹைட்ஸ். அதன் உயரம் 245 மீட்டர். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத இந்த ஊரில் வாழ்பவர்களுக்கு, ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்று தோன்றும் பெரிய மலை வடக்கு வேல்ஸில் உள்ள ஸ்னோடன். உயரம் 1,085 மீட்டர். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கைவிட நூறு மீட்டருக்கு மேல் அதிகம். வேல்ஸ் மொழியில் அதன் பெயர் அர் வித்வா; தேசியப் பூங்கா நிர்வாகம் 2022 முதல் அந்தப் பெயரையே முன்னிறுத்துகிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த மலைக்கு வருகிறார்கள். கோயில் தொண்டர்கள், தமிழ்ப் பள்ளிப் பெற்றோர், அலுவலக நண்பர்கள், ஒரு நற்காரியத்துக்கு நிதி சேர்ப்பவர்கள் என்று நம்மவர்களும் அதில் உண்டு. முதல்முறை போகிறவர்களில் பலர் லான்பெரிஸ் ஊரிலிருந்து தொடங்கும் அகலமான பாதையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். “எல்லாரும் போகிற பாதைதானே” என்பது அதற்குச் சொல்லும் காரணம். அந்தக் காரணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பலர் நடப்பதால் பாதை தெளிவாகத் தெரியும், மனதுக்குத் தெம்பும் வரும். ஆனால் இன்றைய வானிலையில், இந்த நேரத்தில், இந்த உடம்போடு போகிற ஒருவருக்கு அது பாதுகாப்பானது என்பதற்குக் கூட்டம் சான்றாகாது.

முதலில் பாதையின் கணக்கைப் பார்ப்போம். ஸ்னோடன் உச்சிக்குப் போகும் முக்கியமான ஆறு பாதைகளில் லான்பெரிஸ் பாதைதான் நீளமானது, சரிவும் சீரானது. போய்வர சுமார் 14.5 கிலோமீட்டர்; ஏற வேண்டிய உயரம் 975 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த எளிய விதி ஒன்று இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி லான்பெரிஸ் பாதைக்கு நான்கரை மணி நேரம் ஆகும். அது நல்ல உடற்கட்டு உள்ள ஒருவர் எங்கும் உட்காராமல் நடக்கும் கணக்கு. குழந்தைகள், மூட்டுவலிக்காரர்கள், படம் எடுப்பவர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்த குழுவுக்கு ஆறு, ஏழு மணி நேரம் வேண்டும்.

இந்தக் கணக்கோடு லண்டன் கணக்கைச் சேர்த்தால்தான் சிக்கல் புரியும். ஹாரோவிலிருந்தோ ஈஸ்ட்ஹாமிலிருந்தோ லான்பெரிஸுக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். காரில் குறைந்தது ஐந்து மணி நேரம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வழியில் ஒருமுறை நின்று, வண்டி நிறுத்த இடம் தேடி, காலணி மாற்றி, முதல் அடி எடுத்து வைக்கும்போது மணி பதினொன்றரை ஆகிவிடும். அங்கிருந்து ஆறரை மணி நேரம் என்றால் இறங்கி முடிக்க மாலை ஆறு. ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும், கவலை இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு அங்கே சூரியன் மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். டிசம்பரில் நான்கு மணிக்கே. அரைப்பருவ விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போகும் குடும்பம், மழையில் ஊறிய கற்கள்மேல் கடைசி ஒரு மணி நேரத்தை இருட்டில் இறங்க வேண்டியதாகிறது. அதன்பிறகு ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டும் வேலையும் காத்திருக்கிறது. ஸ்னோடன், ஸ்காஃபெல் பைக், பென் நெவிஸ் மூன்றையும் 24 மணி நேரத்தில் ஏறி முடிக்கும் சவாலில் இந்தச் சிக்கல் மும்மடங்காகிறது. அங்கே ஒரு மலையாவது தூக்கமில்லாத உடம்போடு இருட்டில் ஏறப்படுகிறது.

அடுத்தது வானிலை. நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.6 டிகிரிக்குச் சற்று மேல் குறையும். லான்பெரிஸ் ஏரிக்கரையில் 17 டிகிரி இருக்கும் ஆகஸ்ட் நாளில் உச்சியில் 11 டிகிரிதான் இருக்கும். காற்று வீசினால் உடம்புக்கு அதைவிடப் பல டிகிரி குறைவாகவே தோன்றும். லண்டனில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். ஸ்னோடனின் பக்கத்து முகடான க்ரிப் கோஹ், பிரிட்டனில் மிக அதிக மழை பதிவாகும் இடங்களில் ஒன்று. அங்கே ஆண்டு சராசரி 4,400 மில்லிமீட்டருக்கும் மேல். ஐரிஷ் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்த மலைகள்மேல்தான். ஆகவே காலையில் வெயிலடித்த சரிவு பிற்பகலில் பத்தடி தெரியாத மேகத்துக்குள் மூழ்குவது அங்கே அதிசயமல்ல. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் எளிதில் உலராது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். நடுக்கம், நா குழறல், தடுமாற்றம் என்று உடல் வெப்பம் தாழ்வதன் அடையாளங்கள் பனிக்காலத்தில்தான் வரும் என்றில்லை. நனைந்து, களைத்து, காற்றில் நிற்பவருக்குக் கோடையிலும் வரும்.

பாதை தெளிவாக இருப்பதே சில இடங்களில் ஆளை ஏமாற்றுகிறது. லான்பெரிஸ் பாதை பெரும்பாலும் உச்சிக்குப் போகும் மலை ரயிலின் தண்டவாளத்தை ஒட்டியே ஏறுகிறது. கிளாக்வின் நிலையத்துக்கு அருகே ஒரு சிறு பாலத்தின் அடியில் நுழைந்து போகும். அதன்பின் சரிவு கூடும். இதற்கு மேலே, கிளாக்வின் கோஹ் பாறைமுகத்துக்கு மேலுள்ள பகுதி கோடையில் சாதாரண நடைவழி. குளிர்காலத்தில் பனி விழுந்து உறைந்ததும் தண்டவாளம் ஓடும் மேடும் பள்ளமும் நிரவப்பட்டு, எல்லாம் ஒரே சாய்தளமாகிவிடும். அந்தச் சாய்தளம் வெளிப்புறமாக வளைந்து இறங்குவதால், கீழே பாறை விளிம்பு இருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. சாதாரணக் காலணியோடு அங்கே வழுக்கியவர்கள் நிற்க முடியாமல் விளிம்பைத் தாண்டி விழுந்து இறந்திருக்கிறார்கள். மலையிலேயே எளிதானது என்று பெயரெடுத்த பாதைதான் பனிக்காலத்தில் உயிர்ப்பலிக்குப் பெயர்போனதாகிறது. பென்-அ-பாஸிலிருந்து வரும் பிக் தடத்தில் வேறு வகைத் தவறு நடக்கிறது. ஒரு கணவாயில் தடம் பிரியும்போது, முன்னே போகிறவர்களைப் பார்த்து அவர்கள் பின்னாலேயே நடந்து, க்ரிப் கோஹ் என்ற கத்திமுனை முகட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இறங்கும்போது புல்ஹ் கிளாஸ் என்ற இடத்தில் நட்டுவைத்த ஒற்றைக் கல் ஒன்றுதான் பிக் தடத்துக்கான திருப்பத்தைக் காட்டும். மூடுபனியில் அதைத் தவறவிட்டுக் கூட்டத்தோடு இறங்கியவர், தம் வண்டி நிற்கும் பள்ளத்தாக்கை விட்டு லான்பெரிஸில் போய் நிற்பார்.

இதே உண்மையை பென் நெவிஸ் இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. பிரிட்டனின் மிக உயர்ந்த அந்த மலையில் (1,345 மீட்டர்) இன்று எல்லாரும் நடக்கும் பாதை, 1883-இல் உச்சியில் திறக்கப்பட்ட வானிலை ஆய்வுக்கூடத்துக்குப் பொருள் ஏற்றிச்செல்லப் போடப்பட்டது. 1904 வரை அங்கே எடுத்த அளவீடுகளின்படி உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றே கீழே. குதிரை ஏறும் அளவு அகலமான வழிதான். ஆனால் உச்சி மேட்டில் பனி மூடிவிட்டால் இருபுறமும் செங்குத்தான பிளவுகள். அதனால் கண் தெரியாத நாளில் இறங்குகிறவர்கள் திசைமானியில் 231 டிகிரி வைத்து 150 மீட்டர் நடந்து, பிறகு 282 டிகிரிக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கே போகிறவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. இந்த இரண்டு எண்களையும், 150 மீட்டரைத் தம் காலடியில் அளக்கும் பழக்கத்தையும் தெரிந்துகொள்ளாமல் ஏறியவருக்கு, ஏறும்போது துணையாக இருந்த அகலமான பாதை இறங்கும்போது இல்லாமல் போகிறது.

ஒரு காலத்தில் இந்த அறிவு பாதையோடு சேர்ந்தே கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லான்பெரிஸுக்கு வந்த பயணிகள் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, மட்டக்குதிரையில் ஏறி உச்சிக்குப் போனார்கள். மலை மேல் ஆசையைப் பொதுமக்களிடம் பரப்பியதில் லண்டனுக்கும் பெரிய பங்கு உண்டு. 1851-இல் மோன் பிளாங்க் ஏறிய ஆல்பர்ட் ஸ்மித், அடுத்த ஆண்டு முதல் பிக்காடிலியின் எகிப்தியன் ஹாலில் அந்த ஏற்றத்தைப் படங்களோடு கதையாகச் சொல்லி ஆறு ஆண்டுகள் அரங்கை நிறைத்தார். 1857-இல் கோவென்ட் கார்டனில் உள்ள ஒரு விடுதியில் ஆல்பைன் கிளப் தொடங்கியது. உலகின் முதல் மலையேற்றச் சங்கம் அதுதான். வசதி படைத்த அந்த உறுப்பினர்கள் ஆல்ப்ஸ் மலைகளில் வழிகாட்டிகளோடு ஏறுவதையே வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். 1892-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் தம் 82-ஆவது வயதில் ஸ்னோடனின் வாட்கின் பாதையைத் திறந்துவைத்தார். 1896-இல் உச்சிக்கு ரயில் வந்தது. பாதைகள் அகலமாயின, கூட்டம் பெருகியது, வழிகாட்டித் தொழில் சுருங்கியது. வழிகாட்டி இரண்டு வேலை செய்தார்: வழி காட்டினார், “இன்று வேண்டாம், திரும்புவோம்” என்றும் சொன்னார். முதல் வேலையைச் செதுக்கிய பாதை எடுத்துக்கொண்டது. இரண்டாவது வேலையைச் செய்ய இன்று யாருமில்லை. அந்த இடத்தில்தான் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டோம். கூட்டம் ஒருபோதும் “திரும்புவோம்” என்று சொல்லாது.

தமிழருக்கு இது விளங்காத செய்தி அல்ல. சபரிமலைக்கு முதல்முறை போகும் கன்னிச்சாமி தன்னிச்சையாகக் கிளம்புவதில்லை. பலமுறை போய்வந்த குருசாமி ஒருவர் மாலை அணிவித்து, இருமுடி கட்டி, எருமேலியிலிருந்து காட்டுவழியே கூட்டிப்போகிறார். 41 நாள் விரதம் பக்திக்கானது என்றாலும், விடியலில் எழுதல், வெறுங்காலில் நடத்தல், உணவுக் கட்டுப்பாடு என்று உடம்பையும் அது பக்குவப்படுத்துகிறது. கோடிக்கணக்கானோர் நடந்து தேய்ந்த பாதை என்பதற்காக யாரும் குருசாமியை வேண்டாம் என்று சொல்லவில்லை. மலை என்றால் முன்தயாரிப்பு வேண்டும், முன்னே நடக்கத் தெரிந்தவர் வேண்டும் என்ற இந்த மரபை, விமானம் ஏறி வந்ததும் விட்டுவிட வேண்டிய அவசியமில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: லட்சக்கணக்கானோர் போய்ப் பத்திரமாகத் திரும்புகிறார்களே! உண்மைதான். நல்ல கோடை நாளில் லான்பெரிஸ் பாதை சாதாரண ஆரோக்கியம் உள்ள எவருக்கும் இனிய நடைதான். ஆனால் அந்த லட்சங்களில் பெரும்பாலோர் கோடையிலும் நல்ல வெளிச்சத்திலும் நடந்தவர்கள். அவர்களின் அனுபவம் பிப்ரவரிப் பிற்பகலுக்குப் பொருந்தாது. ஜூலையில் ஏறிய நண்பர் “ஒன்றுமே இல்லை” என்று சொன்னது பொய்யல்ல. அவர் வேறு ஒரு மலையில் ஏறினார். பெயரும் பாதையும் மட்டும்தான் ஒன்று. மேலும், கூட்டத்தில் நடக்கும் ஒவ்வொருவரும் மற்றவர் விசாரித்திருப்பார் என்று நம்பினால், யாருமே விசாரிக்காத ஒரு கூட்டம் ஆயிரம் பேராக இருந்தாலும் அதன் அறிவு ஒருவரின் அறிவைவிட அதிகமாகிவிடாது.

இரண்டாவது மறுப்பு கைபேசி. வரைபடம் அதில் இருக்கிறது, ஆபத்து என்றால் 999 அழைக்கலாம், ஹெலிகாப்டர் வரும் என்பது பரவலான நம்பிக்கை. 999 அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேட்பதுதான் முறை. அதைத் தயங்காமல் செய்யவும் வேண்டும். ஆனால் சிக்னல் எல்லா மடிப்பிலும் கிடைக்காது. குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். நனைந்த திரையில் விரல் வேலை செய்யாது. வருகிறவர்கள் லான்பெரிஸ் மலை மீட்புக் குழுவைப் போன்ற தன்னார்வலர்கள். சம்பளம் இல்லை, நன்கொடையில் இயங்குகிறார்கள், வேலையையோ தூக்கத்தையோ விட்டுவிட்டு வருகிறார்கள். கெர்னார்வனில் கடலோரக் காவல் ஹெலிகாப்டர் இருந்தாலும் மேகம் மூடிய உச்சியில் அது இறங்க முடியாது. ஆட்கள் நடந்துதான் ஏற வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அந்த மணி நேரங்களைத் தாக்குப்பிடிக்கும் உடையும் உணவும் முதுகுப்பையில் இருந்தால்தான் மீட்பு மீட்பாகும். பேட்டரி கேட்காத ஓர் அழைப்பு முறையும் உண்டு. ஒரு நிமிடத்தில் ஆறுமுறை விசிலடித்து அல்லது விளக்கைக் காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் அதையே செய்வது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் அறுவை மருத்துவராக இருந்த ஆல்பைன் கிளப்காரர் கிளின்டன் டென்ட் 1894-இல் வகுத்த இந்த முறையை மலை மீட்புக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள்.

மூன்றாவது மறுப்பு இலங்கைத் தமிழர்களிடமிருந்து நியாயமாக எழும்: சிவனொளிபாதமலை 2,243 மீட்டர், ஸ்னோடனைப் போல இரண்டு மடங்கு, பாட்டிமாரும் நடு இரவில் ஏறுகிறார்களே, இது எம்மாத்திரம்? உயரம் மட்டும் அளவுகோலானால் இந்த வாதம் சரி. ஆனால் சிவனொளிபாதமலை நிலநடுக்கோட்டுக்கு ஏழு டிகிரி வடக்கே இருக்கிறது. ஸ்னோடன் 53 டிகிரியில். அங்கே டிசம்பர் பௌர்ணமி முதல் மே வரை யாத்திரைக் காலம் என்று ஊரே கூடி வரையறுத்திருக்கிறது. அந்த மாதங்களில் ஆயிரக்கணக்கான படிகள் நெடுக மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும், களைத்தவர் உட்காரத் திண்ணை கிடைக்கும். மழைக்காலத்தில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை. அப்போது ஏறுவது வேறு காரியம். ஆகவே அந்த மலை கற்றுத்தருவது துணிச்சலை அல்ல, பருவம் பார்ப்பதை. அப்படியானால் ஸ்னோடனிலும் விளக்கும் கைப்பிடியும் போடலாமே என்றால், உறைபனியில் கைப்பிடி புதைந்துவிடும், காற்று விளக்கைப் பிடுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வசதி கூடக்கூட தயாரில்லாமல் வருவோர் கூடுவர். உச்சிவரை ரயில் ஓடுவதே இதற்குச் சான்று. இறங்குவதற்கு ரயிலில் இடம் கிடைத்துவிடும் என்று நம்பி ஏறி, ஏமாந்து, கால்வலியோடு ஏழு கிலோமீட்டர் இறங்குவோருக்குக் குறைவில்லை.

நான்காவது மறுப்புதான் கனமானது. இப்படி அபாயங்களை அடுக்கினால், ஏற்கெனவே மலைப்பக்கம் போகத் தயங்கும் புலம்பெயர் குடும்பங்கள் இன்னும் ஒதுங்கிவிடாதா? இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்களுக்கு வருவோரில் சிறுபான்மை இனத்தவர் குறைவு என்பதை ஜூலியன் குளோவர் தலைமையில் 2019-இல் வெளியான அரசு ஆய்வும் சுட்டிக்காட்டியது. மலைமேல் நடக்கும் உரிமை இந்த நாட்டில் போராடிப் பெற்றது. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி நடந்த தொழிலாளர்களில் ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் ஸ்னோடோனியா பூங்கா உருவானது. அந்த உரிமையில் நமக்கும் முழுப் பங்கு உண்டு, அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் தெரியாமல் போய் நடுங்கித் திரும்பிய குடும்பம் மறுமுறை மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காது. தெரிந்து போன குடும்பம் அடுத்த ஆண்டு இன்னொரு குடும்பத்தையும் கூட்டிப்போகும். மலையை மக்களுக்கு நெருக்கமாக்குவது “சுலபம்தான், வாருங்கள்” என்ற அழைப்பைவிட, எதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்ற விளக்கமே.

அந்த விளக்கம் நீளமானதும் அல்ல. முதல்முறை போகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போகலாம். முந்தின இரவே லான்பெரிஸ் பக்கம் தங்கிக் காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கலாம். மேலே சொன்ன பாதிச் சிக்கல் அந்த ஓர் இரவுத் தங்கலில் தீர்ந்துவிடும். முந்தின நாளும் அன்று காலையும் மெட் ஆபீஸின் மலைப்பகுதி முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். லண்டன் முன்னறிவிப்பும் லான்பெரிஸ் ஊர் முன்னறிவிப்பும் உதவாது. மழைக்கோட்டு, மாற்றுக் கம்பளிச் சட்டை, பிடிமானமுள்ள காலணி, தலையில் மாட்டும் விளக்கு, விசில், காகித வரைபடம், தேவைக்கு மேல் ஒரு வேளை உணவு ஆகியவை ஆளுக்கு ஆள் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒன்று போதாது. தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீண்ட நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, குளுக்கோஸைப் பையின் அடியில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குச் சரே மாவட்டத்தின் பாக்ஸ் ஹில் லண்டனிலிருந்து ரயிலில் போகும் தூரம்தான். ஆற்றோரத்திலிருந்து அதன் உச்சி மேடைக்கு ஏறத்தாழ எட்டு முறை ஏறினால் ஸ்னோடன் ஒருமுறை ஏறியதற்கு ஈடாகும். அதில் பாதியை ஒரே நாளில் செய்து பார்த்தாலே யாருக்கு எது முடியும் என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும்போதே முடிவு செய்வது. “ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்” என்று கார் நிறுத்துமிடத்தில் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் திரும்ப மனம் வராது. நிதி தந்தவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் வேறு சேர்ந்துகொள்ளும். உச்சி என்பது பாதி வழிதான். மீதிப் பாதியை நடக்கும்போது முழங்கால் தளர்ந்திருக்கும், கவனம் சிதறியிருக்கும், வெளிச்சமும் குறைந்திருக்கும்.

இந்த முடிவை எடுத்து நிறைவேற்ற ஓர் ஆள் வேண்டும். பிரிட்டனில் மவுண்டன் லீடர் என்ற தகுதிச் சான்றிதழ் 1960-கள் முதல் இருக்கிறது. வரைபடம் படிப்பது, வானிலை கணிப்பது, குழுவை நடத்துவது, முதலுதவி ஆகியவற்றில் பயிற்சியும் தேர்வும் உண்டு. லண்டன் தமிழர்கள் சனிக்கிழமைப் பள்ளிகளை நடத்துகிறார்கள், தேர்த்திருவிழாக்களுக்குப் பல நூறு தொண்டர்களை ஒழுங்குபடுத்துகிறார்கள், ஊர்ச் சங்கங்களின் விளையாட்டு விழாக்களுக்கு நடுவர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். மலைக்கு ஆள் சேர்க்கும் ஒவ்வொரு சங்கமும் இரண்டு பேரை இந்தப் பயிற்சிக்கு அனுப்புவது அவர்களால் முடியாத காரியமல்ல. அதுவரை, தகுதி பெற்ற ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வது ஒரு மினிபஸ் வாடகையைப் போல நியாயமான செலவு. குருசாமியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்த சமூகத்துக்கு, “இன்று இதோடு போதும்” என்று மலைமேல் ஒருவர் சொல்வதைக் கேட்டுத் திரும்புவது புதிதல்ல. அப்படித் திரும்பிய குழு அடுத்த கோடையில் மீண்டும் போகும், உச்சியையும் தொடும்.